கதவைத் தட்டாமல் வரவும்

அக்டோபர் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, இனிமேல் அமெரிக்கன் மாதிரி வாழ்வது என்று முடிவெடுத்தேன். அதற்காக அமெரிக்கா போகத் தேவையில்லை. தென் கொரியாவின் தேஜோன் நகரில், ஏழாவது மாடியில் இருக்கும் எங்கள் 702-ம் எண் வீடே போதும். மனைவியின் அனுமதி மட்டும்தான் பாக்கி. அதைக் கேட்கவில்லை. கேட்டால்தானே மறுப்பாள்!

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அடுப்புத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் மேற்பார்வையாளனாக இருந்தவன் நான், மெங் கிசோல். ஐம்பத்து நாலு வயதில் ஒரு பூங்கொத்தும் பாராட்டுப் பலகையும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றோடு என் போன் ஊமையாகிவிட்டது. என்னோடு குடித்தவர்கள், குடித்துவிட்டு என் தோளில் தொங்கிக்கொண்டு பாடியவர்கள், ஒருத்தரும் கூப்பிடவில்லை. மகள் பூசானில் படிக்கிறாள். மனைவி சன்யோங்குக்கு மழலையர் பள்ளிச் சமையலறையில் வேலை. பகல் முழுக்க நானும் டிவியும்தான்.

அந்த டிவியில்தான் அந்த அமெரிக்கத் தொடர் ஓடியது. சலவைக்கடை மாடியில் குடியிருக்கும் நாலு பேர். கதை என்று ஒன்றும் கிடையாது. யாராவது கதவைத் தட்டாமல் உள்ளே வருவார்கள். நேரே ஃபிரிட்ஜைத் திறப்பார்கள். பாலை அப்படியே வாயில் கவிழ்த்துக்கொள்வார்கள். ஒரு ஜோக் சொல்வார்கள். கண்ணுக்குத் தெரியாத நூறு பேர் ஹோவென்று சிரிப்பார்கள். நூற்றெண்பது பகுதி பார்த்தேன். அதில் ஒருத்தன்கூடத் தனியாக உட்கார்ந்து சாப்பிடவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

எங்கள் கட்டடத்தில் என்ன நடக்கிறது? பதினோரு வருஷமாக 701-ம் நானும் லிஃப்டில் சந்திக்கிறோம். குனிந்து வணங்குகிறோம். மாடி எண் மாறுவதை இரண்டு பேரும் முறைத்துப் பார்க்கிறோம். இறங்கும்போது இன்னொரு முறை குனிகிறோம். அவர் பெயர்கூடத் தெரியாது. இங்கே எல்லாருக்கும் வீட்டு எண்தான் பெயர்.

கதவைத் திறந்துபோட்டால் சன்யோங் என்னை வெளியே போட்டுவிடுவாள். அதனால், கதவில் அடித்தால் பூட்டு திறக்கிற நம்பரைக் கொடுப்பது என்று தீர்மானித்தேன். எங்கள் ஊரில் மாமியாருக்கே அதைச் சொல்லமாட்டார்கள். நான் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டுபோய் 701-ன் மணியை அடித்தேன்.

“எப்ப வேணும்னாலும் வாங்க. தட்டவே வேணாம்.”

அவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். சீட்டை இரண்டு கையாலும் வாங்கிப் படித்தார். முகம் வெளுத்துவிட்டது.

“உடம்புக்கு ஏதாவது பண்ணுதுங்களா?”

“நல்லாத்தான் இருக்கேன்.”

“ஊருக்குப் போறீங்களா? செடிக்குத் தண்ணி ஊத்தணுமா?”

“செடியே கிடையாதுங்க. சும்மா வரணும்.”

“சும்மாவா?”

“ஆமா. வந்து ஃபிரிட்ஜைத் திறக்கணும். பால் குடிக்கணும்.”

“எனக்குப் பால் ஒத்துக்காதுங்க.”

“அப்ப பார்லித் தண்ணி குடிங்க!”

705, 706 இரண்டு வீட்டுக்கும் இதே மாதிரி விளக்கிச் சீட்டைக் கொடுத்துவிட்டு வந்தேன். சாயந்தரம் சன்யோங் வழக்கம்போல சோபாவில் சாய்ந்துகொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு மலை பூண்டு.

“நம்ம பூட்டு நம்பரை ஊர் பூரா குடுத்தீங்களாமே?”

“ஊர் பூரா எங்க? மூணே வீடு.”

“திருடன் வந்தா?”

“வரட்டுமே. பேச்சுத் துணைக்கு ஆச்சு.” சொல்லிவிட்டு, தொடரில் செய்வதுபோல, புருவத்தை உயர்த்தி நிறுத்தினேன்.

“ஏன் நிறுத்திட்டீங்க? நெஞ்சு வலிக்குதா?”

“சிரிக்க நேரம் விடறேன்.”

“யாரு சிரிக்கணும்?”

“நீதான்.”

“எனக்குப் பூண்டு உரிக்கற வேலை இருக்கு.”

அதோடு விட்டுவிட்டாள். சன்யோங் ஒரு விஷயத்தை அத்தனை சுலபமாக விடுகிறவள் இல்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மூன்று வாரம் காத்திருந்தேன். தினமும் தலை வாரிக்கொண்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, கதவைப் பார்த்தபடி தொடர் பார்த்தேன். பால் கெட்டுப்போய் நாலு தடவை புதிதாக வாங்கினேன். ஒருநாள் லிஃப்ட் நின்ற சத்தம் கேட்டுச் சோபாவிலிருந்து எழுந்தே நின்றுவிட்டேன். காலடிச் சத்தம் நடைவழியின் கடைசிவரை போய் ஓய்ந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அன்று டிவியை அணைத்துவிட்டு அழுதேன். சன்யோங் வரும்போதும் கண் சிவந்திருந்தது.

“என்னங்க ஆச்சு?”

“யாருக்கும் என்னைப் பார்க்கணும்னு தோணலை போல.”

அவள் கைப்பையைக்கூடக் கழற்றாமல் கொஞ்ச நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அடுத்த சனிக்கிழமை வருவாங்க.”

“நீ எப்படிச் சொல்ற?”

“நம்ம ஆளுங்க சும்மா வரமாட்டாங்க. அவங்களுக்கு ஒரு காரணம் வேணும். அதை நான் பார்த்துக்கறேன்.”

சனிக்கிழமை காலை எட்டு மணி. பூட்டில் பீப், பீப், பீப், பீப். கதவு திறந்தது. தட்டவில்லை! எனக்கு உடம்பு சிலிர்த்தது. முதலில் 701 நுழைந்தார், தோளில் ஒரு மூட்டை முள்ளங்கி. பின்னால் 705, இரண்டு கையிலும் பெரிய பிளாஸ்டிக் தொட்டி. அதன் பின்னால் 706, ஒரு பை மிளகாய்த்தூள். கடைசியாக, கடையிலிருந்து பெட்டி பெட்டியாக வந்து இறங்கின, உப்பில் ஊறி வடிந்த எண்பது கோஸ்.

வருஷாவருஷம் நவம்பரில் குளிர்காலத்துக்கான கோஸ் ஊறுகாயை, அதாவது கிம்ச்சியை, மாமியார் வீட்டில்தான் போடுவார்கள். வருஷாவருஷம் அன்றைக்கென்று எனக்குத் தொழிற்சாலையில் அவசர வேலை வந்துவிடும். இந்த வருஷம் மாமியாருக்கு முழங்காலில் ஆபரேஷன், எனக்குத் தொழிற்சாலையே இல்லை. இரண்டையும் நான் சேர்த்து யோசிக்கவில்லை. அவள் யோசித்திருக்கிறாள்.

சோபாவைச் சுவரோரம் தள்ளினார்கள். தரையில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டார்கள். சன்யோங் என் கையில் இளஞ்சிவப்பு ரப்பர் உறையை மாட்டினாள்.

“எனக்கு முதுகு...”

“தெரியும். அதான் தூக்கற வேலை வேணாம். உக்காந்து ஒவ்வொரு இலையா மசாலா தடவுங்க.”

தடவினேன். பதினைந்தாவது கோஸ் வரை திட்டிக்கொண்டே தடவினேன். அப்புறம் திட்ட மறந்துவிட்டது. 701-ன் பெயர் பியோ தோக்சு என்று தெரிந்துகொண்டேன். ஊரிலுள்ள எல்லா பஸ் நிறுத்தத்தையும் மூச்சு விடாமல் ஒப்பிப்பார். நான் மிளகாய்க் கையோடு மூக்கைத் தேய்த்துக்கொண்டு குதித்தபோது எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கண்ணுக்குத் தெரிகிற மனிதர்கள்! நடுவில் பியோ எழுந்தார், யாரையும் கேட்காமல் ஃபிரிட்ஜைத் திறந்தார், பார்லித் தண்ணீரைப் பாட்டிலோடு குடித்தார். என் கண் கலங்கியது. மிளகாய் என்று சொல்லிச் சமாளித்தேன்.

வேலை முடிந்து, வேகவைத்த பன்றிக்கறியும் புதுக் கிம்ச்சியும் அரிசிக் கள்ளுமாக வட்டமாக உட்கார்ந்தோம். மனசில் இருந்ததைக் கேட்டேவிட்டேன்.

“ஏன் பியோ சார், மூணு வாரமா எட்டிக்கூடப் பார்க்கலை?”

“வந்தேனே! மறுநாளே வந்தேன். சம்சாரம் போனதுக்கப்புறம் எனக்கும் பகல் நகர மாட்டேங்குது. நீங்க குடுத்த நம்பரை அடிச்சேன், திறக்கலை. உள்ள ஒரு நூறு பேர் சிரிக்கற சத்தம் வேற. பெரிய விருந்து போலிருக்கு, நம்மளை வேணாம்னு நம்பரை மாத்திட்டாங்கன்னு திரும்பிட்டேன். போன வாரம் உங்க வீட்டம்மாதான் லிஃப்டில பார்த்து, ‘சனிக்கிழமை வாங்க, கத்தியோட வாங்க’ன்னு புது நம்பரைக் குடுத்தாங்க.”

“புது நம்பரா?”

நான் சீட்டுக் கொடுத்த அன்றைக்கே சன்யோங் மாற்றியிருக்கிறாள். பூட்டில் தொட்டால் திறக்கிற வட்டச் சாவி என் சாவிக்கொத்தில் இருக்கிறது. நம்பரை அடித்தே பழக்கமில்லாத எனக்கு அது எங்கே தெரியப்போகிறது!

கோபமாக அவள் பக்கம் திரும்பினேன். கறியைக் கோஸ் இலையில் சுருட்டி என் வாயில் திணித்தாள்.

“என்ன நம்பர்?” மெல்ல முடியாமல் கேட்டேன்.

“உங்களுக்கு எதுக்குங்க? ஊர் பூரா சொல்லிடுவீங்க.”

705-ம் 706-ம் தலையை ஆட்டி ஆமோதித்தார்கள்.

“சாவி தொலைஞ்சா நான் எப்படி உள்ள வர்றது?”

பியோ என் தோளில் ஆறுதலாகத் தட்டினார்.

“கவலையே படாதீங்க மெங் சார். எங்க வீட்டு மணியை அடிங்க. நான் வந்து திறந்துவிடறேன்.”