ரயிலுக்கு ஓர் எலுமிச்சம்பழம்

எங்கள் நிலத்தடி ரயில் நிலையத்தின் வாசல் தெருவைவிட உயரமாக இருப்பதற்குக் காரணம் பொறியாளர்களா, சூப்பர்வைசர் அங்கிளா? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. பூமிக்குள் இறங்க வேண்டியவர்கள் அங்கே முதலில் சில படிகள் மேலே ஏற வேண்டும்.

கோலாலம்பூரில் ஒரு ரயில் நிலையத்தைச் சொந்த வீடாக நினைத்துக் கட்டி முடித்த ஒரே மனிதர் அங்கிள்தான். உண்மையில் அவர் சூப்பர்வைசரே இல்லை. போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டி ஓய்வுபெற்று, பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் குடியிருந்தவர். நிலையத்துக்குக் குழி தோண்டிய காலத்தில் தகர வேலியில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார். தினமும் காலைத் தேநீர் முடிந்ததும் அதில் கண்ணை வைத்துவிடுவார். பட்டம் அப்படி வந்தது.

ஒரு பெருமழையில் தெரு குளமானபோது, ஓட்டையில் வாயை வைத்துக் கத்தினார்: “பாஸ்! வாசல ஏத்திக் கட்டு லா! இல்லேன்னா உள்ள ரயில் ஓடாது, படகுதான் ஓடும்!”

உள்ளே யாருக்குத் தமிழ் புரிந்ததோ, வாசல் உயரமாகத்தான் எழுந்தது. வெள்ளம் வரும் ஊர், உயர வாசல் முதல் வரைபடத்திலேயே இருந்திருக்கும் என்றார் என் கணவர்.

“இருக்கும் தம்பி. நான் சொன்னதுக்கு அப்புறம் வரைஞ்சிருப்பாங்க.”

நிலையம் திறந்த அன்று, புதுக் காருக்கு வைப்பதுபோல ரயில் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க வந்தார். நடைமேடை ஓரம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். ரயில் வந்து நின்றால்தான் கதவு திறக்கும். சக்கரம் கண்ணிலேயே படாது. “இந்த டிசைன் மட்டும் நான் சொல்லல” என்று வருத்தப்பட்டவர், பழத்தை நகரும் படிக்கட்டில் வைத்தார். அது கௌரவமாகக் கீழே போய், படி தரைக்குள் நுழையும் இடத்தில் நின்று சுற்றிக்கொண்டே இருந்தது. காவலுக்கு நின்ற பெண் ஓடி வந்தார்.

“அங்கிள், என்னா இது?”

“திருஷ்டி கழிக்கிறேன்மா.”

“மிஷின் கெட்டுப் போச்சுன்னா?”

“கெடக்கூடாதுன்னுதானே பழமே!”

நான் தள்ளி நின்று சிரித்தவள். பிறகு என் மூன்று வயது மகள் அந்த நிலையத்தின் லிஃப்டுக்குள் வர மறுத்தாள். “தரை ஓடுதும்மா!” என்று தள்ளுவண்டியில் விறைத்துக்கொண்டு அலறுவாள். அவளைக் குழந்தைகள் பராமரிப்பு மையத்தில் விடவும், பிறகு நான் அலுவலகம் போகவும் அந்த ரயில்தான் வழி. கட்டாயப்படுத்தாதீர்கள் என்றார் மருத்துவர். பழக்கிவிடுங்கள் என்றது இணையம். இரண்டையும் செய்தேன். மேலாளர் கூப்பிட்டு, இனி தாமதமானால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை லிஃப்ட் வாசலில் அங்கிள். சட்டைப் பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்துத் தள்ளுவண்டிச் சக்கரத்துக்கு முன்னால் வைத்தார்.

“தள்ளும்மா.”

“அங்கிள், சின்னப் பிள்ளைக்கு மூடநம்பிக்கைய பழக்குறோமோ?”

“கதவு மூடப் போகுது. யோசிக்கிறத கீழ போய் யோசி லா!”

தள்ளினேன். பழம் பச்சென்று நசுங்கியது. மகள் குனிந்து பார்த்து, “இன்னொன்னு!” என்றாள். லிஃப்ட் கீழே இறங்கியதே அவளுக்குத் தெரியவில்லை. மேலே கதவு மூடும்போது அங்கிள் தன் கைக்குட்டையால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் ஸ்டேஷன் அல்லவா!

அதன்பின் தினமும் ஒரு பழம். வேலை பிழைத்தது.

இப்போது அங்கிள் ஜெஞ்சாரோமில் மகன் வீட்டோடு போய்விட்டார். தள்ளுவண்டியும் இல்லை, மகள் நடக்கிறாள். ஆனால் லிஃப்ட் வந்ததும் கையை நீட்டுகிறாள். பழத்தைச் செருப்புக்கு அடியில் வைத்து மிதித்துவிட்டுத்தான் உள்ளே வருகிறாள். நான் குனிந்து துடைக்கிறேன். “இப்ப நீங்களாக்கா?” என்று சிரிக்கிறார் அதே காவல் பெண்.

நிறுத்தினால் பயம் திரும்புமோ? தொடர்ந்தால் பழக்கம் ஒட்டிக்கொள்ளுமோ? பிள்ளை வளர்த்த வாசகர்கள் எழுதுங்கள், கேட்டுக்கொள்கிறேன். என் கைப்பையில் இன்னொரு பழமும் இருக்கிறது. அங்கிள் கடைசியாகக் கொடுத்தது, காய்ந்து கோலிக்குண்டாகிவிட்டது. தனியாக இறங்கும் நாட்களில் அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். அதையுமா தூக்கிப் போடச் சொல்வீர்கள்?