பருப்புத் தண்ணீர் நிபுணர்

வாசகரே, எங்கள் மலையில் அட்டைக்கு அடுத்தபடியாக ஆளோடு ஒட்டிக்கொள்ளும் உயிரினம் ஒன்று உண்டு. அரைச்செய்தி வைத்தியர் என்று பெயர். தலைப்பை வாசிப்பார், முதல் பந்தியை நுனிப்புல் மேய்வார், 'மேலும் வாசிக்க' என்ற இடத்திலேயே பட்டம் வாங்கிவிடுவார்.

அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் இந்தப் பட்டம் சிவசாமியிடம் இருக்கிறது. இருபது வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் கலந்தவர். ஆகவே எதைக் கலப்பதென்றாலும் தம்மைக் கேட்க வேண்டும் என்பது அவர் கட்சி. போன வாரம் அவர் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. உடலின் நோயெதிர்ப்புக் கலங்கள், அதாவது செல்கள், தமக்குள் தகவல் சொல்லச் சுரக்கும் புரதங்களில் இரண்டை ஒன்றுசேர்த்தால் புற்றுநோய்க் கலங்களின் வளர்ச்சி குறைகிறதாம். புரதம் என்றால் என்ன? பருப்பு, முட்டை. ஐந்தாம் வகுப்பிலேயே படித்ததுதானே! ஆராய்ச்சி முடிந்தது.

கொழுந்தெடுக்கும் கிருஷாந்திக்கு மார்பில் புற்றுநோய். வியாழக்கிழமை கிளினிக்கில் மருந்து ஏற்றத் தொடங்க வேண்டும். ஏற்கெனவே பயந்து கிடந்தவளின் லயத்து வீட்டு வாசலில் சிவசாமி போய் நின்றார்.

"ஊசி கீசியெல்லாம் வேணாம் தங்கச்சி. பருப்புத் தண்ணியில முட்ட வெள்ளக்கருவ கலந்து குடி. தனித்தனியா குடிச்சா வேலைக்காகாது. பி.ஓ.பி. தேயிலையில டஸ்ட் தூள கலந்தா சாயம் ஏறுதில்ல? அதே மாதிரிதான்."

மூன்று நாள் குடித்தாள். சிரிக்க வேண்டிய எனக்கு இந்த இடத்தில் வயிறு எரிகிறது. புதன்கிழமை அவளே அவரை மறித்துக் கேட்டாள்.

"அண்ணே, இத குடிச்சு யாருங்க நல்லானாங்க?"

சிவசாமி வாழ்க்கையில் முதன்முறையாக மிச்சச் செய்தியைத் திறந்தார். குரல் இறங்கியது.

"கண்ணாடித் தட்டுல வளத்த கலத்துலதான் பாத்திருக்காங்களாம். மனுசருக்கு இன்னும் குடுக்கலயாம்..."

"நான் தட்டுல இல்லீங்களே அண்ணே" என்றாள். மறுநாள் கிளினிக்குக்குப் போய்விட்டாள். சிவசாமி திருந்தினாரா? இப்போது சீனி வியாதிக்கு எதோடு எதைக் கலக்கலாம் என்று தேடிக்கொண்டிருக்கிறார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. போன மாதம் கைப்பேசியில் உறவினர் குழுவுக்கு ஓர் அதிசய மருந்தைத் தட்டிவிட்டீர்களே, கடைசி வரி வரை வாசித்தீர்களா? கிருஷாந்தியாவது கேள்வி கேட்டாள். உங்கள் குழுவில் ஒருவர், உங்கள்மேல் உள்ள மரியாதையில், எதுவும் கேட்காமல் குடித்துக்கொண்டிருக்கலாம்.