எரியுது ஆண்டவரே

ஷைனி, ஜெபா,

சாப்பாட்டுக்கு முன்னால் நான் ஜெபம் பண்ணும்போது நீங்கள் இரண்டு பேரும் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். நான் அதட்டுகிறேன். அதட்டுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை என்பதும் எனக்குத் தெரியும். நம் வீட்டில் ஜெபத்தைச் சிரிப்புச் சமாச்சாரமாக ஆக்கியதே நான்தான். ஜெனி மதினியின் நிச்சயத்தன்று நீங்கள் சின்னப் பிள்ளைகள். கேசரி தின்றது மட்டும்தான் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மீதியை அம்மா சொல்லுகிறாள், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உப்பு காரம் கூட்டி. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். (பத்தாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் அதற்குச் சிரித்துக்கொள்ளுங்கள்.)

அப்போது எனக்கு ஒரு தொப்பை இருந்தது. (இப்போதும் இருக்கிறது. இது வேறு.) வண்ணார்பேட்டை மோட்டார் பம்பு கடையில் நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து வளர்த்தது. கூடவே நெஞ்செரிச்சல். ராத்திரி படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டை வரைக்கும் ஏறி வரும். டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்து, "காலைல சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி போடுங்க. வயித்தக் காயப் போடாதீங்க. ராத்திரி சாப்பிட்ட உடனே படுக்காதீங்க" என்று சொல்லியிருந்தார். அதன்படி நடந்தவரைக்கும் நன்றாகத்தான் இருந்தேன்.

கெடுத்தது போனில் பார்த்த ஒரு வீடியோ. ஈர்க்குச்சி மாதிரி ஒரு ஆள். "பதினாறு மணி நேரம் வயிற்றுக்கு லீவு கொடுங்கள், மீதி எட்டு மணி நேரத்தில் சாப்பிடுங்கள், தொப்பை தானாகக் கரையும்" என்றான். நடுவில் கடுங்காப்பி குடிக்கலாமாம். எட்டு மணி நேரமும் சாப்பிட்டுக்கொண்டே இருக்கலாம் என்று என் காதில் விழுந்தது.

மத்தியானம் ஒரு மணிக்குத் திறப்பு, ராத்திரி ஒன்பதுக்கு அடைப்பு. அடைக்கிற நேரம் நெருங்க நெருங்க எனக்குப் பதற்றம் வரும். புரோட்டா, சால்னா, மேலே ஒரு ஆம்லெட் என்று அவசர அவசரமாக உள்ளே தள்ளிவிட்டு, உட்கார முடியாமல் அப்படியே சாய்ந்துவிடுவேன். காலையில் வெறும் வயிற்றில் கடுங்காப்பி. மாத்திரை? சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி என்றுதானே டாக்டர் சொன்னார்? எனக்குச் சாப்பாடே ஒரு மணிக்கு. ஆகவே பன்னிரண்டரைக்குப் போட்டேன். (இதைக் கண்டுபிடித்த அன்று என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.) காலை முழுவதும் எரிந்தது. கொழுப்பு உருகுகிற சூடு என்று நினைத்துக்கொண்டேன்.

கடையில் என்கூட வேலை பார்க்கிற மேலப்பாளையம் காதர் மாமாதான் முதலில் கேட்டார்.

"என்ன வே, நெஞ்சத் தடவிக்கிட்டே இருக்கீரு?"

"கொழுப்பு கரையுது பாய்."

"ஒமக்குக் கொழுப்பு வாய்லல்லா வே இருக்கு! நாங்க நோன்பு தொறந்தா பேரீச்சம்பழம், கஞ்சின்னு பைய ஆரம்பிப்போம். நீரு எடுத்த எடுப்புல பிரியாணில கைய வைக்கீரு."

அவருக்கு அது நோன்பு. எதிர்க்கடை அண்ணாச்சிக்கு விரதம். பட்டினி என்று சொன்னால் சம்பளம் வரவில்லையா என்று கேட்பார்கள். பாளையங்கோட்டைச் சபையில் பிறந்து வளர்ந்த என் வாயில் வருகிற ஒரே சொல் உபவாசம். அந்தச் சொல்தான் என்னைக் கவிழ்த்தது.

ஒருநாள் எஸ்தர் அத்தை போன் பண்ணினாள். அவள் வீட்டு மாமா தவறின பிறகு மகள் ஜெனிக்கு வந்த சம்பந்தங்கள் பேச்சு முற்றி முற்றிக் கலைந்துபோயின. இந்த ஒன்றுதான் நிச்சயம் வரைக்கும் வந்திருந்தது. தகப்பன் இடத்தில் தாய்மாமன் நான்தான் நிற்கவேண்டும்.

"அண்ணே, சனிக்கிழமை காலைல இங்கன சாப்பிட வாங்க. அப்படியே மண்டபத்த ஒருக்கா பாத்துரலாம்."

"சாப்பாடு வேண்டாம்மா. நான் உபவாசம் இருக்கேன். ஒரு மணிக்குப் பெறவுதான் எல்லாம்."

"உபவாசமா? எதுக்குண்ணே?"

"எல்லாம் ஒரு காரியமாத்தான். முடிஞ்ச பெறவு பாரு, நீயே அசந்துருவ." (தொப்பை போனதும் பார் என்ற அர்த்தத்தில்.)

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "சரிண்ணே" என்றாள். ஜலதோஷம் என்று நினைத்தேன். நம் சபையில் உபவாச ஜெபம் முடிவதும் மத்தியானம் ஒரு மணிக்குத்தான் என்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை.

நிச்சய நாள் வந்தது. முந்தின ராத்திரி வழக்கம்போலப் புரோட்டா. காலையில் பதற்றத்தில் கடுங்காப்பியும் கூடுதல். மண்டபத்தில் போதகர் வசனம் வாசித்து முடித்துவிட்டு மைக்கில் சொன்னார்: "மோதிரம் மாத்துறதுக்கு முன்னாடி, இந்தப் பிள்ளைக்காக இத்தனை நாளா உபவாசம் இருந்த தாய்மாமன் வந்து ஜெபிக்கட்டும்."

யார் அந்தப் பரிசுத்தவான் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். மண்டபமே என்னைப் பார்த்தது. மாப்பிள்ளையின் அப்பா, ரிட்டயர்டு வாத்தியார், எழுந்து நின்று எனக்குக் கும்பிடு போட்டார். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அம்மா மட்டும் என்னை முறைத்தாள். நான் எதற்காகக் காய்கிறேன் என்று அந்த மண்டபத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

'ஐயா, இது தொப்பைக்கு' என்று சம்பந்தி வீட்டார் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போய் மைக் முன்னால் நின்று கண்ணை மூடினேன்.

"அன்புள்ள ஆண்டவரே..."

அதற்குமேல் சொல் வரவில்லை. காப்பி வந்தது. விழுங்கினேன். மறுபடியும் வந்தது. மூடின கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றியது. பெண்கள் பக்கத்தில் விசும்பல் கேட்டது. "மாமன் அழுதாரு பாரு" என்றாள் ஒருத்தி.

"ஆண்டவரே... எரியுது..."

"ஆமென்!"

"நெஞ்சு எரியுது ஆண்டவரே!"

"ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!" வாத்தியார் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார்.

அப்போது வந்தது ஏப்பம். மைக் நல்ல மைக். ரோட்டில் போன ஐஸ் வண்டிக்காரர் பிரேக் போட்டார் என்று அம்மா சொல்வாள். (ஐஸ் வண்டி அவளாகச் சேர்த்தது.) அடுத்து ஒரு வலி, நெஞ்சுக்கு நடுவில் கத்தி மாதிரி. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். சத்தியமாகப் பயந்துவிட்டேன்.

"ஏங்க!" என்று அம்மா கத்தினாள்.

"ஹார்ட் அட்டாக்கு! வண்டிய எடு லே!" என்றது ஒரு குரல். மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளையே வந்து என் காலைத் தூக்கினார். ஜெனி மோதிரத்துக்கு நீட்டிய விரலை மடக்காமல் அங்கனயே நின்றாள். "மோதிரம் போடுத நேரத்துலயா இப்படி?" என்று மாப்பிள்ளையின் அம்மா யாரிடமோ கேட்டது என் காதில் விழுந்தது. அதைக் கேட்டு அத்தையின் முகம் போன போக்கையும் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வயரை ஒட்டிப் பார்த்தார்கள். "ஹார்ட் நல்லாருக்கு. வயித்துப் புளிப்புதான் மேல ஏறிருக்கு. காலைல என்ன சாப்பிட்டீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

வாத்தியார் முந்திக்கொண்டார். "அவரு சாப்பிடல டாக்டர். மருமகளுக்காக உபவாச ஜெபம்."

இதற்குமேல் அந்தக் கும்பிடைச் சுமக்க என்னால் முடியவில்லை. "ஜெபம் இல்ல சார். தொப்பை கொறையதுக்கு. போன்ல பாத்தேன்" என்றேன்.

வாத்தியார் குனிந்து என் தொப்பையைப் பார்த்தார். பிறகு அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். "நான் ரெண்டு கையையும் தூக்குனேனே வே!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "சரி, மனுசன் பிழைச்சிட்டாருல்லா? சாயந்தரம் மோதிரம் மாத்திருவோம். எங்க வீட்டுக்காரிகிட்ட நான் பேசிக்கிடுதேன்." அவர் சிரித்ததால் ஜெனியின் கல்யாணம் பிழைத்தது. வேறு ஒருவராக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க இப்போதும் எனக்குப் பயமாக இருக்கிறது.

அத்தை சிரிக்கவில்லை. கட்டில் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்ப ஜெனிக்காக இல்லையாண்ணே?"

"இல்லம்மா. நான் ஒண்ணு சொல்ல, நீ ஒண்ணு..."

"அன்னைலருந்து நானும் காலைல சாப்பிடல. நீங்க பட்டினி கெடக்கும்போது எனக்கு மட்டும் எப்படி எறங்கும்? அவ அப்பா இல்லாத கொறைய எங்கண்ணன் தீத்துட்டாகன்னு ஜெனிகிட்ட வேற சொல்லிட்டேன்." சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "சரி, நல்லா ரெஸ்ட் எடுங்க."

திட்டியிருந்தால் தேவலை.

இப்போது அத்தையும் சிரிக்கிறாள். மீன் குழம்பில் காரம் கூடிவிட்டால் "எரியுது ஆண்டவரே" என்று முதலில் சொல்வதே அவள்தான். நீங்கள் 'ஆமென்' போடுகிறீர்கள். வாத்தியார் நம் வீட்டுக்கு வந்தால் என்னை ஜெபிக்கவிடுவதில்லை. "வேண்டாம் வே, இன்னைக்கு வயிறு எப்படியோ" என்று அவரே ஆரம்பித்துவிடுகிறார். நானும் கூடச் சேர்ந்து சிரிக்கிறேன். ஆனால் கட்டில் பக்கத்தில் நின்று அத்தை கேட்ட அந்தக் கேள்விக்கு நான் இன்னும் ஒழுங்காக ஒரு பதில் சொல்லவில்லை.

அன்று சாயந்தரம் நடந்தது அம்மாவுக்குக்கூடத் தெரியாது. டாக்டர் என்னைப் போகவிடவில்லை. எல்லோரும் மண்டபத்துக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். வார்டில் நான் மட்டும். நர்ஸ் ஒரு கிண்ணத்தில் கஞ்சி கொண்டுவந்து வைத்து, "சூடா குடிங்க, இனிமே வயித்தக் காயப் போடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு நாள் பூராவும் காய்ந்த வயிறு. ஸ்பூனை எடுத்துவிட்டேன். இந்நேரம் போதகர் மறுபடியும் வசனம் வாசிப்பார், ஜெனி கையை நீட்டிக்கொண்டு நிற்பாள் என்று தோன்றியது. ஸ்பூனைக் கீழே வைத்தேன். கிண்ணத்தை ஒரு தட்டால் மூடினேன். கண்ணை மூடி அவள் பெயரைச் சொன்னேன். அதற்குமேல் சொல்ல எனக்குத் தெரியவில்லை, அதனால் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா போன் பண்ணி "மோதிரம் மாத்தியாச்சுங்க" என்று சொன்ன பிறகு தட்டை எடுத்தேன். கஞ்சி ஆறி ஆடை கட்டியிருந்தது. பைய, கடைசி வாய் வரைக்கும் குடித்தேன்.