மேட்டுக் குகையின் பேசும் கதவு

ஒரு காட்டில், வெள்ளத்துக்குப் பயந்து வாழும் மிருகங்கள் இருந்தன. மழைக்காலம் தொடங்குமுன், மேட்டுக் குகை வாசலில் கூடி, வெள்ளம் வந்தால் குகைக்குள் ஒதுங்குவதற்கு ஒத்திகை பார்ப்பது அங்கே வழக்கம். அவரவர் செய்யப்போவதை வாயால் சொன்னால் போதும். கதவை மட்டும் தொடக் கூடாது. தொட்டால் வெள்ளத்தை வரவழைத்ததாகிவிடும் என்பது நம்பிக்கை.

"நான் குட்டிகளைக் கூட்டிட்டு வருவேன்" என்றாள் செவந்தி என்ற முள்ளம்பன்றி.

"நான் கதவைத் திறப்பேன்" என்றான் சின்னக் கரடி. குகையையும் பேசும் கதவையும் அமைத்த பெரிய கரடியார் அவன் அப்பா. போன கோடையில்தான் காலமானார்.

"பிழையே இல்லை!" என்று கைதட்டினார் தலைவர் நரியார்.

"ஒருதடவை திறந்துதான் பார்ப்போமே?" என்றாள் செவந்தி.

"நல்ல நாளும் அதுவுமா! வாயைக் கழுவும்மா" என்றார் நரியார்.

கதவை யாரும் தொடாமலேயே வெள்ளம் வந்தது. முள் முதுகில் குட்டிகளை ஏற்ற முடியுமா? ஒன்றை வாயில் கவ்வி, மற்றொன்றை முன்னால் தள்ளியபடி செவந்தி மேடேறினாள்.

சின்னக் கரடி கதவில் கை வைத்தான்.

"அனுமதி இல்லை" என்றது கதவு.

"டேய், நான் அவர் பிள்ளைடா! அவர் காது, அவர் உறுமல், அவர் கோபம், எல்லாம் எனக்கு வந்திருக்கு!"

"அவையெல்லாம் வந்திருக்கின்றன. நான் வரவில்லை. என்னைத் தனக்கு மட்டும் என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார்."

"அப்போ அவரையே கேளு!"

"கேட்டேன். அவர் இருக்கும் இடத்தில் யாரும் இல்லை."

தண்ணீர் குட்டிகளின் கழுத்துக்கு வந்துவிட்டது.

"கதவண்ணே, இதை ஒத்திகையிலேயே சொல்லியிருக்கலாமே!" என்று கத்தினாள் செவந்தி.

"தொட்டால்தான் சொல்வேன், தாயி. யாரும் தொடவில்லை."

"எல்லாருக்கும் பொதுவா எதையாவது விட்டுவைச்சாரா?"

"தேன் ஜன்னல் இருக்கிறது. யார் தேன் கேட்டாலும் திறப்பேன்."

"தேன்!" என்று அலறினாள் செவந்தி.

ஜன்னல் திறந்தது. குட்டிகளை உள்ளே தள்ளப்போனாள். அதற்குள் நரியார் உள்ளே இருந்தார். பிறகு குட்டிகள், செவந்தி, மற்ற எல்லாரும் நுழைந்தார்கள். கடைசியாக வந்த சின்னக் கரடி இடுப்போடு சிக்கிக்கொண்டான். அதனால் தண்ணீர் உள்ளே வரவில்லை.

வெள்ளம் வடிந்ததும் நரியார் சபையைக் கூட்டினார். "இவ்வளவு குழப்பத்துக்கும் காரணம், கதவு 'அனுமதி இல்லை' என்று சொன்னதுதான்" என்றார். சபை ஆமோதித்தது. கதவின் வாயைக் களிமண்ணால் அடைத்தார்கள்.

அடுத்த ஒத்திகையில், செவந்தியின் வற்புறுத்தலால், சின்னக் கரடி கதவைத் தொட்டே பார்த்தான். அது திறக்கவில்லை, ஆனால் ஒன்றும் சொல்லவுமில்லை.

"பிழையே இல்லை!" என்று கைதட்டினார் நரியார்.

செவந்தி வீட்டுக்குப் போய், குட்டிகளுக்குச் சத்தமாகத் தேன் கேட்கக் கற்றுக்கொடுத்தாள்.

நீதி: பிழையைத் திருத்த அறிவு வேண்டும், பிழை சொல்லும் வாயை அடைக்கக் களிமண் போதும்.