நான்காவது மோட்டார்சைக்கிள் போலீஸ்

பெண் பார்க்கப் போன இடத்தில் வாயை மூடிக்கொண்டு கேசரி சாப்பிடத் தெரியாதவன் நான். தொண்ணூறுகளின் தொடக்கம், சிட்லபாக்கம். ஆபீஸ் போக மற்ற நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று பெண்ணின் அப்பா சும்மா கேட்டு வைத்தார். சினிமாவில் மோட்டார்சைக்கிள் போலீஸாக நடித்திருக்கிறேன் என்றேன். கீதா முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். (அந்தப் பார்வைக்காகக் கமிஷனர் என்றுகூடச் சொல்லியிருப்பேன்.)

நண்பனின் சித்தப்பா எடுத்த படம் அது. கொள்ளைக்காரர்களைத் துரத்தும் நான்கு போலீஸ்காரர்களின் கதை. இருந்ததோ ஒரே வண்டி. பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் அதையே மாற்றி மாற்றி ஓட்டினோம். எனக்குச் சைக்கிள்தான் வரும் என்பதால் இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளிவிட்டார்கள்.

ஆள் பற்றாக்குறையில் சங்கிலித் திருடனும் நானே. முகத்தில் கைக்குட்டை கட்டி என்னைத் தாம்பரம் மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, கேமராவை வேனுக்குள் ஒளித்துவைத்தார்கள். நடிகையின் கவரிங் சங்கிலியை இழுத்துக்கொண்டு இருபதடி ஓடுவதற்குள் ஜனங்கள் பிடித்துத் துவைத்துவிட்டார்கள். கைக்குட்டை அவிழ்ந்தது. ஷூட்டிங் என்று கதறினேன்.

"இன்னாடா, ஷூட்டிங்கா? யாராண்ட கத வுட்ற?" என்று மீன்காரம்மா செருப்பைக் கழற்றினார். முகம் தெரிந்துவிட்டதால் அந்தக் காட்சியை வெட்டிவிடுவார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

பெண் வீட்டார் சம்மதம் சொல்வதற்கு முன்பே படம் வந்துவிட்டது. மதியக் காட்சிக்கு ஒன்பது பேர் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியுமாகப் போன நான்காவது ஆள் நான்தான் என்று சொல்வதற்குள் வண்டி திரையைக் கடந்துவிட்டது. இடைவேளைக்குப் பிறகு திரை முழுக்க என் முகம், மூக்கு ஒழுக. அப்புறம் செருப்பு. பக்கத்தில் கீதாவின் அம்மா தன் சங்கிலியைப் பிடித்த பிடியைக் கடைசிவரை விடவில்லை.

பஸ் ஸ்டாப்பில் அவள் அப்பா, "யோசிச்சுச் சொல்றோம் தம்பி" என்றார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"யோசிக்க என்னப்பா இருக்கு?" என்றாள் கீதா. "போலீஸா வெறப்பா போனது யாருன்னே தெரியல. அடி வாங்கி அழுதாரே, அவர நல்லா தெரிஞ்சுது. எனக்கு இவரே போதும்." நடுரோட்டில் எனக்கு மறுபடி அழுகை வந்தது, இந்த முறை சந்தோஷத்தில்.

மாமியாருக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது. கல்யாண வீடுகளில் கூட்டம் நெரித்தால் இரட்டைவடச் சங்கிலியைக் கழற்றி என் சட்டைப் பையில்தான் போடுவார். சொந்த மகன் பக்கத்திலேயே நின்றாலும் கொடுக்க மாட்டார். யாராவது ஏன் என்று கேட்டால், "திருடன்கிட்டயே குடுத்துட்டா அப்புறம் என்ன பயம்?" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் பந்திக்குப் போவார்.