முக்கால் மணி நேர வாழ்த்துரை

இணையக் கம்பெனியைப் பணிய வைக்கும்வரை சவரம் செய்வதில்லை என்று சபதம் எடுத்தேன். பாதிச் சவரத்தில் எடுத்ததுதான் பிசகு. இடது கன்னத்தில் மட்டும் தாடி வளர்ந்தது.

விஷயம் இதுதான். மகள் நிலானியின் கல்யாண வீடியோ மூன்று மணி நேரம். அதில் முக்கால் மணி நேரம் என் வாழ்த்துரை. டொரண்டோ, லண்டன், மெல்பர்ன் சொந்தங்கள் அதைக் கேட்டே ஆக வேண்டும். யூடியூபில் போட்டால் கண் படும். அதனால் டோரண்ட் என்னும் பகிர்வு முறையில் விட்டேன். வீடியோ துண்டு துண்டாகப் போகும். துண்டு கிடைத்தவர் அடுத்தவருக்குக் கொடுப்பார், கல்யாண வீட்டுப் பலகாரம் மாதிரி. கம்பெனியோ அப்படிப் போவதையெல்லாம் கழுத்தைப் பிடித்து ஊர்ந்துபோக வைத்தது.

"விட்டுடுங்களேன். மண்டபத்துலயே யாரும் அந்தப் பேச்சத் தாங்கல" என்றாள் மனைவி ஞானாம்பிகை.

"கைதட்டினாங்களே?"

"முடிஞ்சதுக்குத் தட்டினாங்க."

மறுநாள் எங்கள் ஊர் பர்மா ரோட்டில் இருக்கும் கம்பெனி அலுவலகத்துக்குப் புறப்பட்டேன். அதிசயமாக அவளே சோறு கட்டிக் கொடுத்தாள். "அவசரப்படாம இருந்து பேசிட்டு வாங்க." எனக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது.

கவுண்டரில் கோகிலன் என்ற ஊழியர்.

"டோரண்ட்னா எல்லாருக்குமே ஸ்லோதான்லா, அங்கிள்."

"அப்ப நான் இங்கயே இருக்கேன், தம்பி."

பொட்டலத்தைப் பிரித்தேன். கருவாட்டுக் குழம்பு. ஏசி அதை மூலைமுடுக்கெல்லாம் கொண்டுபோனது. வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார்கள். கோகிலன் மேனேஜரிடம் ஓடினார், திரும்பி வந்தார்.

"உங்க லைனுக்கு மட்டும் தடைய எடுத்தாச்சு, அங்கிள். அத மூடுங்க, பிளீஸ்."

வென்றேன். வீட்டுக்கு வந்து இடது கன்னத்தையும் மழித்தேன். வீடியோவைப் புதிதாக ஏற்றினேன். பறந்தது. மாலைக்குள் டொரண்டோவில் இருக்கும் அண்ணன் யசோதரனே அழைத்துவிட்டார்.

"தம்பி, நீ இவ்வளவு நல்லாப் பேசி நான் கேட்டதே இல்ல. எவ்வளவு சுருக்கம்."

சுருக்கமா? பதறிப்போய் வீடியோவைத் திறந்தேன். அதில் மேடையேறினேன். "வணக்கம்" என்றேன். "நன்றி" என்றேன். இறங்கிவிட்டேன்.

"ஞானா, நடுவுல இருந்ததெல்லாம் எங்க?"

"வெட்டிட்டேன். நீங்க கவுண்டர்ல உக்காந்திருந்தப்ப நிலானி போன்ல சொல்லிக் கொடுத்தா."

லண்டனுக்கும் மெல்பர்னுக்கும் இன்னும் போய்க்கொண்டிருந்தது. எனக்கு ஏற்றத்தான் தெரியும், நிறுத்தத் தெரியாது. கோகிலனைப் போனில் கூப்பிட்டேன்.

"தம்பி, அவசரம். என் லைன்ல டோரண்ட உடனே தடுங்க."

"முடியாது, அங்கிள். ஆண்டி அப்பவே போன் பண்ணிட்டாங்க. தடுத்தா, திரும்பவும் உங்களுக்குக் கருவாடு கட்டிக் கொடுத்து அனுப்புவாங்களாம்."