கால்குலேட்டர் ஆய்வுக் குழுவின் மூன்று கூட்டங்கள்

பினாங்குப் பாலத்தைக் கட்டியவர்கள்கூடக் கடலை அவ்வளவு ஆராய்ந்திருப்பார்களா என்பது சந்தேகமே. கெலுகோர் கோயில் ஒன்றின் கல்விக் குழு ஒரு கால்குலேட்டரை அப்படி ஆராய்ந்தது! செயலாளர் ஸ்ரீகரன் அதற்கென்றே புது நோட்டு வாங்கி, நடுவில் கோடு கிழித்து, ஒருபக்கம் 'நிறைகள்', மறுபக்கம் 'குறைகள்' என்று எழுதி, இரண்டுக்கும் பேதமில்லாமல் குங்குமம் வைத்தார்.

அது சாதாரணக் கால்குலேட்டர் அல்ல. சமன்பாட்டைக் கொடுத்தால் வண்ணத்தில் வரைபடமே போடும். ஏழை மாணவர் யாருக்காவது கொடுங்கள் என்று ஓர் அன்பர் வாங்கித் தந்தது. கல்லூரி மாணவி மிதுஷா கேட்டிருந்தாள். திங்கட்கிழமை அவளுக்குப் புள்ளியியல் தேர்வு. அந்தக் கருவி இல்லாவிட்டால் பாதிக் கேள்விகளைத் தொடவே முடியாது.

"கேட்டதும் கொடுக்க நாம என்ன கடையா வச்சிருக்கோம்? ஆராயணும்" என்று தலைவர் கதிர்காமநாதன் அருளினார்.

முதல் கூட்டம் கூடியது.

"வளைஞ்ச கோடெல்லாம் போடுமாமே, நேர்கோடு போடுமா?" என்று தலைவர் ஸ்ரீகரனைக் கேட்டார்.

"போடும் ஐயா."

"அப்ப நல்ல குணம்தான். எழுதிக்குங்க."

பொருளாளர் தனலெட்சுமி விடவில்லை. "தம்பி, ரெண்டும் ரெண்டும் எவ்வளவுன்னு தட்டுங்க."

"நாலு, அக்கா."

"பசார்ல வாங்குன எங்க வீட்டுதும் நாலுதான் காட்டுது. இவ்வளவு பெரிய மெஷின், கூட ஒன்னாச்சும் காட்ட வேணாமா லா?"

ஸ்ரீகரன் குறைகளின் கீழ் எழுதினார்: 'பெருந்தன்மை போதாது.'

இரண்டாம் கூட்டத்தில் பெருங்குறை வெளிப்பட்டது. டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் ஒருவர் வந்து மிதுஷாவுக்கு எடுத்துக் கொடுப்பதாக ஏற்பாடு. ஒத்திகைக்குப் போட்டோ எடுத்துப் பார்த்தார்கள்.

"என்னங்க இது, சவர்க்காரக் கட்டி மாதிரி சின்னதா தெரியுது!" என்று தலைவர் பதறினார்.

மேடையில் பெரிய அட்டையில் மாதிரிக் காசோலை கொடுப்பது உண்டல்லவா? அதுபோல நாலடி அட்டையில் 'மாதிரிக் கால்குலேட்டர்' தயாரானது.

ஞாயிற்றுக்கிழமை விழா. மாலை, பொன்னாடை, உரை, உரைக்கு நன்றியுரை. எல்லாம் முடிந்து டத்தோவின் கார் போனபிறகும் மிதுஷா அட்டையைக் கட்டிப்பிடித்தபடி நின்றாள்.

"அங்கிள், உண்மையானது எங்க?" என்று ஸ்ரீகரனைக் கேட்டாள்.

"அலமாரியில பத்திரமா இருக்கும்மா. புதன்கிழமை மூணாவது கூட்டம். அறிக்கை முடிஞ்சாத்தான்..."

"நாளைக்குப் பரீட்சை அங்கிள்."

அலமாரிச் சாவி ஸ்ரீகரனின் சட்டைப் பையில்தான் இருந்தது. நெஞ்சை உறுத்தியது சாவியா, வேறு ஏதாவதா என்று அவருக்குத் தெரியவில்லை. "இதுலயும் எல்லாப் பொத்தானும் இருக்கும்மா" என்று அட்டையைத் தடவினார். சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

புதன்கிழமைக் கூட்டத்துக்கு மிதுஷா அட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். பரீட்சையை நன்றாக எழுதியிருந்தாளாம்.

"பாத்தீங்களா, நம்ம கோயில் அட்டை!" என்றார் தலைவர்.

"இல்ல அங்கிள். இதத் தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டாப்புல அழுதுகிட்டு நின்னேன். பக்கத்து வகுப்பு சல்மா பாத்தா. அவளுக்குப் பரீட்சை முடிஞ்சிருச்சு. பையிலேர்ந்து அவளோடத எடுத்துக் கொடுத்துட்டா."

தலைவரின் முகம் சுருங்கியது. "நிறைகுறை எதையும் ஆராயாமலா?"

"பேட்டரி இருக்கான்னு மட்டும் பாத்தா."

"பொறுப்பில்லாத பிள்ளை! ஸ்ரீகரன், நாமளாச்சும் முறையா அறிக்கையை முடிப்போம்."

ஸ்ரீகரன் ஒருகணம் முருகனை நினைத்துக்கொண்டார். நிறைகள் பக்கம் நிரம்பி வழிந்தது. மறுபக்கத்தில் இருந்ததையெல்லாம் அடித்துவிட்டு, ஒரே வரி எழுதி நீட்டினார். தலைவர் வழக்கம்போல் படிக்காமலே கையெழுத்திட்டார்.

'குறை ஒன்றே ஒன்று: இது எங்களிடம் இருக்கிறது.'